வால்வில் விட்ட இரண்டு சொட்டு

1

போன வாரம் யூர்கனிடமிருந்து கடிதம் வந்தது. மின்னஞ்சல் அல்ல, உறையில் போட்டு அஞ்சல்தலை ஒட்டிய கடிதம். ஜெர்மனியில் பெரிய சேதி எதுவும் தாளில்தான் வரும். வேலை கொடுப்பதும் தாளில், வீட்டைக் காலி செய்யச் சொல்வதும் தாளில். அதனால் தபால் பெட்டியில் வெள்ளை உறை தெரிந்தாலே எனக்குப் பயம். வந்து ஐந்து வருடமாகியும் இது போகவில்லை. உறையை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன், துணி மடித்தேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். செய்ய வேறு எதுவும் மிச்சமில்லை என்றான பிறகுதான் பிரித்தேன்.

மூன்றே வரி. உன் ஓராண்டுத் தடை முடிகிறது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சரளைக் குழியில் எஞ்சின் சோதனை. விருப்பமிருந்தால் வா.

இந்த மூன்று வரிக்காகத்தான் வருடம் முழுக்கக் காத்திருந்தேன். படித்து முடித்ததும் தாளை மறுபடி உறைக்குள்ளேயே போட்டுவிட்டேன். சந்தோஷத்தில் இல்லை, பயத்தில்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நான் வேலை பார்ப்பது லிஃப்ட் செய்யும் ஒரு கம்பெனியில். கதவு எந்த வேகத்தில் மூடினால் யார் விரலும் நசுங்காது என்று கணக்குப் போடுவது என் பிழைப்பு. ராக்கெட் என் பொழுதுபோக்கு. "பொழுது போவலன்னா பாட்டு கத்துக்கோ, நீச்சல் கத்துக்கோ. ராக்கெட்டு இன்னாடி ராக்கெட்டு?" என்று அம்மா இன்னமும் போனில் கேட்கிறாள். எங்கள் ராக்கெட் குழுவில் ஏழு பேர். நகரத்துக்கு வெளியே ஒரு பழைய டிராக்டர் கொட்டகைதான் பட்டறை. தலைவர் யூர்கன், வாயுக் குழாய் பொருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மின்கம்பிகளையும் சுவிட்சுகளையும் பார்த்துக்கொள்வது லேனா. என் வயதுதான், மருத்துவமனையில் வேலை.

நாங்கள் கட்டுவது கலப்பின ராக்கெட். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். தீபாவளி ராக்கெட்டில் எரிவதும் எரிய வைப்பதும் ஒரே மருந்தில் கலந்திருக்கும். பற்றினால் பற்றியதுதான், நிறுத்த முடியாது. எங்களுடையதில் இரண்டும் தனித்தனி. கீழே ஒரு குழாயில் மெழுகு. கரண்டு போனால் ஏற்றுகிறோமே, அந்த மெழுகுவர்த்தியின் ஜாதிதான். மேலே ஒரு தொட்டியில் அழுத்தி அடைத்த சிரிப்பு வாயு. பல் பிடுங்கும்போது சில இடங்களில் கொடுப்பார்களே, அது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்வு. அது மூடியிருக்கும்வரை மெழுகு வெறும் மெழுகு, வாயு வெறும் வாயு. திறந்தால் நெருப்பு, மூடினால் அணைந்துவிடும். இதைவிடச் சாதுவான ராக்கெட் கிடையாது என்று நான் சேர்ந்த அன்று யூர்கன் சொன்னார். சொல்லும்போது அவருடைய இடது கைச் சுண்டுவிரல் பாதியாக இருப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "இது ராக்கெட்டில் போகவில்லை. ரொட்டி வெட்டும் மெஷினில்," என்றார்.

நான் சிரிக்கவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே வெடிச் சத்தம் ஆகாது. கருட சேவைக்கு வாணம் விடும்போது சின்ன காஞ்சிபுரம் ஜனம் முழுவதும் வானத்தைப் பார்க்க, நான் மட்டும் நைனாவின் வேட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அப்படிப்பட்டவள் ஏன் ராக்கெட் கட்டப் போனாய் என்றால், எனக்கே சரியாகத் தெரியாது. பயப்படும் ஒன்றைப் பிரித்துப் போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்ற நினைப்பாக இருக்கலாம். பாதி போனது. மீதி பாதி அறிவோடு கூடிய பயமாக மாறிக்கொண்டது. அது இன்னும் மோசம்.

2

நைனா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவர். போன வருடம்தான் முதன்முறையாக என்னைப் பார்க்க வந்தார், மூன்று மாத விசாவில். அம்மா வரவில்லை. முழங்கால் வலி, தங்கச்சிக்குப் பரீட்சை, இரண்டையும் காரணமாகச் சொன்னாள். மூன்றாவது காரணம் விமானம்.

அவரை வரவழைக்க நான் நகர அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன். முதல் முறை சம்பளச் சீட்டு போதவில்லை. இரண்டாம் முறை வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் இல்லை. மூன்றாம் முறை எல்லாம் இருந்தது, தாள்களைச் சரிபார்க்கும் அலுவலக அம்மாள் விடுப்பில் இருந்தார். நான்காம் முறை, என் வீடு எத்தனை சதுர மீட்டர் என்று கேட்டார். சொன்னேன். உங்கள் அப்பா எங்கே படுப்பார் என்று கேட்டார். "சோஃபாவில்," என்றேன். "சோஃபா எவ்வளவு நீளம்?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை.

கடைசியில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். இந்த விருந்தினர் இங்கே தங்கும்வரை அவரால் வரும் எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று அந்தத் தாள் சொன்னது. அதாவது செலவுக்கு. ஆனால் அந்நிய ஊரில் இருப்பவள் தாளை அப்படிப் படிப்பதில்லை. அவர் செய்யும் எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்றே மனசுக்குள் பதிந்தது. அதே சமயத்தில் எனக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். அது அதே கட்டடத்தில் வேறொரு மாடியில் இருந்தது. ஒரு மாடியில் போட்ட கையெழுத்து இன்னொரு மாடியில் என் காலை வாரிவிடுமோ என்று அப்போதே ஒரு நடுக்கம்.

3

வந்த முதல் வாரம் நைனா எல்லாவற்றையும் வியந்தார். இரண்டாம் வாரம் எல்லாவற்றையும் குறை சொன்னார். "இன்னாம்மா இது, ரொட்டியா செங்கல்லா?" மூன்றாம் வாரம் பேச்சு குறைந்தது. நான் காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் திரும்பி வர மாலை ஆறு. அதுவரை அவர் தனியாக. டிவி புரியாது. வெளியே குளிர். கை வெடித்து ரத்தம் கசிந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய் எண்ணெயைச் சின்னக் குப்பியில் ஊற்றி எந்நேரமும் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தார்.

ஆறு வயதிலிருந்து ஒரு நாளும் சும்மா இல்லாத கை அது. ஒரு நாள் வீட்டுக்கு வந்தால் குழாய் மேடை, கதவுக் கீல், ஜன்னல் தாழ்ப்பாள் எல்லாம் பளபளவென்றிருந்தன. கீச்சென்று கத்திக்கொண்டிருந்த குளியலறைக் கதவு சத்தமே போடவில்லை. "எண்ண காட்டாம வெச்சிருந்தா கத்தாம இன்னா பண்ணும்?" என்றார்.

எங்கள் வீட்டில் இது வழக்கம். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும், சேலையில் மயிலும் யாளியும் விழுவதற்கு நூலைத் தூக்கிக் கொடுக்கும் பெட்டி. ஐப்பசி மழையில் மரம் ஊறி அது இறுகிக்கொள்ளும். மற்ற வீடுகளில் மெஷின் ஆயில் விடுவார்கள். நைனா விடமாட்டார். கறுப்பு எண்ணெய் ஒரு துளி பாவு நூலில் சிந்தினால் பட்டு போச்சு, சேலை போச்சு, ஒரு மாச உழைப்பு போச்சு. தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு, அதுவும் விரல் நுனியில் தொட்டு, துணியில் ஒற்றி. அவருக்கு எது இறுகினாலும் மருந்து அதுதான். பூட்டு, சைக்கிள் செயின், தையல் மெஷின், தங்கச்சியின் ஜியாமெட்ரி பாக்ஸ்.

போன வருட எஞ்சின் சோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்த நடு வால்வை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதைத் திருப்பும் மோட்டாருக்கு வலு போதவில்லை. நெம்புகோல் மாதிரி நீளமான கை ஒன்று பொருத்த வேண்டும். சிரிப்பு வாயு ஓடும் பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது. எண்ணெயும் எரிபொருள்தானே. அழுத்தத்தில் வாயு வந்து மோதும்போது வால்வுக்குள்ளேயே பற்றிக்கொள்ளும். பற்றிய நெருப்பு மேலே தொட்டிக்குள் ஏறினால், தொட்டி முழுவதும் ஒரே கணத்தில் போய்விடும். அதனால் ஒவ்வொரு பாகத்தையும் கழுவி, உலர்த்தி, பையில் போட்டு மூடி வைப்போம். கழுவிய பாகத்தைப் பட்டறைக்கு வெளியே பையிலிருந்து எடுக்கக் கூடாது என்பது விதி. அந்த விதித் தாளை எழுதியவள் நான்தான். அவசரம், கெட்டிக்காரத்தனம், இரண்டும் சேர்ந்து நானே மீறினேன். சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருகிப் பார்த்தேன்.

"சனியன், திரும்பவே மாட்டேங்குது நைனா."

"இங்க குடு, பாக்கறேன்."

"ஐயோ, தொடாதீங்க. இது ராக்கெட்டோடது."

"சரிம்மா. உன் ராக்கெட்டு உனக்கு."

பையை மூடாமல் மேசையிலேயே விட்டுவிட்டுப் படுத்தேன். மறுநாள் வேலைக்கும் போய்விட்டேன். மாலையில் நீளமான கையைப் பொருத்தித் திருப்பினேன். வெண்ணெய் மாதிரி திரும்பியது. நெம்புகோல் கணக்கு பலித்துவிட்டது என்று துள்ளினேன். நைனா பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என் மகிழ்ச்சியைப் பார்த்து மகிழ்கிறார் என்று நினைத்தேன்.

4

சனிக்கிழமை அவரையும் கூட்டிப் போனேன். வீட்டில் தனியாக விட மனசு வரவில்லை. மகள் செய்ததை அவர் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

சரளைக் குழி என்பது ஒரு காலத்தில் சரளைக்கல் தோண்டி எடுத்த பெரும் பள்ளம். நடுவில் இரும்புத் தாங்கியில் எஞ்சினை நிற்க வைத்துக் கட்டியிருந்தோம். தள்ளி, மணல் மூட்டை அடுக்கிய பதுங்கு அறை. நைனா சுற்றிப் பார்த்தார். பிள்ளையார்பாளையத்தில் அவருடையது குழித்தறி. தரையில் பள்ளம் வெட்டி அதற்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து நெய்வார்.

"நான்தான் காலம் பூரா குழில ஒக்காந்தேன்னா, நீயும் ஏரோப்ளேன் ஏறி வந்து குழிலயே எறங்கிக்கினியா?" என்றார்.

பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். எந்தக் கருவியையும் தொட மாட்டேன், என்னை அழைத்து வந்த உறுப்பினர் எனக்குப் பொறுப்பு என்று அதில் இருந்தது. நைனா தமிழில் போட்டார். அதன்கீழே நான் போட்டேன்.

வால்வைப் பொருத்தும்போது லேனா குனிந்து பார்த்தாள். திருகு மரையோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"டெஃப்லான் டேப்பா?"

"ஆமாம்," என்றேன். குழாய் மரையில் சுற்றும் அந்த வெள்ளை டேப்பின் பிசிறு எப்போதும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து வெள்ளையாகிவிடும் என்பது எனக்குத் தெரியாததா? தினமும் அடுப்பில் சூடு காட்டி உருக்கித்தான் தலைக்குத் தடவுகிறேன்.

பதுங்கு அறைக்கு வந்தோம். தூரத்திலிருந்தே வாயு ஏற்றத் தொடங்கினார் யூர்கன். திரையில் தொட்டியின் எடை மெல்ல ஏறியது. எனக்கு வழக்கமான பயம். இந்தப் பயம் பழகியது. தொட்டி நிறைந்தது. லேனா பற்றவைக்கும் சுவிட்சின் பூட்டைத் திறந்தாள். வால்வின் சுவிட்ச் யூர்கனின் கட்டைவிரலுக்குக் கீழே.

நைனா என் தோளைத் தொட்டார். முகம் கொள்ளாத பெருமை.

"ஏம்மா, அந்தக் கொழா இப்ப லேசா திரும்புதுல்ல?"

"எந்தக் கொழா?"

"அதான், நீ திட்டிக்கினு இருந்தியே. நீ வேலைக்குப் போன அப்புறம் ரெண்டு சொட்டு வுட்டேன். இப்டி அப்டி இருவது தபா திருப்பி, நல்லா உள்ள எறக்கி வுட்டுட்டேன். வெளில சுத்தமா தொடச்சிட்டேன், ஒண்ணும் ஒட்டாது."

"இன்னாத்த வுட்டீங்க?"

"எண்ணதான். தேங்காண்ண."

யூர்கன் பத்திலிருந்து கீழே எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு என்றார் என்று நினைக்கிறேன். எனக்கு ஜெர்மன் மறந்துபோனது, ஆங்கிலமும் மறந்துபோனது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அலறினேன். யாருக்கும் பொருள் தெரியாது. யூர்கன் பொருள் கேட்கவில்லை. சுவிட்சிலிருந்து கையை எடுத்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

5

நிறுத்துவது சுலபம். பிறகுதான் கஷ்டம். தொட்டி நிறைய வாயு. கீழே எண்ணெய் தோய்ந்த வால்வு. அதைத் திறக்காமல், மேலேயுள்ள சின்னத் துவாரத்தின் வழியாக வாயுவை வெளியேற்ற வேண்டும். லேனா பொத்தானை அழுத்தினாள். தூரத்தில் வெள்ளைப் புகை ஒரு முழம் எழுந்தது. எடை குறைந்தது, ஆனால் நத்தை மாதிரி. வாயு வெளியேறும்போது துவாரம் குளிர்ந்து உறைந்துகொள்ளும். இடையில் ஒருமுறை எடை அப்படியே நின்றுவிட்டது. எல்லோரும் திரையையே பார்த்தோம். மறுபடி குறைந்தது. காலியான பிறகும் ஒரு மணி நேரம் யாரும் பக்கத்தில் போகக் கூடாது.

அந்த நேரத்தில் யூர்கன் கேட்டார். "என்ன பார்த்தாய்?"

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று என் மூளை படுவேகமாகக் கணக்குப் போட்டது. உறுப்பினர் செய்த தவறு குழுவின் பதிவேட்டோடு முடியும். வெளியாள் கருவியைத் தொட்டால் அப்படியில்லை. காப்பீட்டுக்கு எழுத வேண்டும். குழிக்கு அனுமதி கொடுத்த மாவட்ட அலுவலகத்துக்கு எழுத வேண்டும். பெயர், பாஸ்போர்ட் எண், அழைத்தவர் யார், எல்லாம். அந்தத் தாள் நகர அலுவலகத்தின் ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு ஏறுவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

"வால்வில் எண்ணெய் இருக்கிறது. நான்தான் போட்டேன்," என்றேன்.

யூர்கன் என்னையே பார்த்தார். "நீயா? கழுவும் விதியை எழுதிய நீயா?"

"இறுக்கமாக இருந்தது. யோசிக்காமல் போட்டுவிட்டேன்."

"என்ன எண்ணெய்?"

"சமையலறையில் இருந்தது."

அவர் எழுதிக்கொண்டார். நைனா என் கையைப் பிடித்தார். "இன்னாம்மா சொல்றாரு? ஏன் நிறுத்திட்டாங்க?"

"வால்வு லீக்காம் நைனா. ஒண்ணுமில்ல."

அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இந்தப் பக்கம் ஒரு பொய், அந்தப் பக்கம் ஒரு பொய். இரண்டுக்கும் நடுவில் மூடிய வால்வு மாதிரி நான்.

ஒரு மணி நேரம் கழித்து யூர்கன் மட்டும் தனியாகப் போய் வால்வைக் கழற்றிக் கொண்டுவந்தார். மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பிரித்தார். உள்ளே, பந்து வடிவ அடைப்பைச் சுற்றி, வெண்ணெய் பூசியதுபோல. துணியில் ஒரு கீற்று எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு லேனாவிடம் நீட்டினார். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள்தான் அன்று காலை வால்வுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தவள். என்னிடமிருந்து விலகி, அறையின் மறுகோடியில் போய் நின்றுகொண்டாள்.

நைனாவுக்கு யாரும் எதுவும் மொழிபெயர்க்கவில்லை. அவர் அந்தத் துணியைப் பார்த்தார், லேனாவின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோட்டுப் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தார். மேசையருகே போய் வால்வின் பக்கத்தில் அதை வைத்தார். ஒரு விரலால் வால்வைத் தொட்டுக் காட்டி, அதே விரலால் தன் மார்பில் தட்டினார்.

"நான். மை டாட்டர் நோ. நான்."

யூர்கன் குப்பியின் மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு எழுந்து, முதலில் நைனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"இவர் படிக்க முடியாத மொழியில் எழுதிய பையில், இவர் கை எட்டும் மேசையில், நீ அதை வைத்தாய். அதுகூடப் பரவாயில்லை, எல்லோருக்கும் நடக்கும். ஆனால் பதிவேட்டில் பொய் எழுத வைத்தாய். நாளைக்கு ஒருவன் இதைப் படித்துவிட்டு வேறு எங்கோ ஓட்டையை அடைப்பான். சரியான ஓட்டை திறந்தே கிடக்கும்."

எழுதிய வரியைக் கோடு போட்டு அடித்து, நடந்ததை எழுதினார். ஓராண்டு நான் குழிக்கும் பட்டறைக்கும் வரக் கூடாது என்றும் எழுதினார். காப்பீட்டுக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத வேண்டியதை எழுதினார்கள். இரண்டிலிருந்தும் பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அவ்வளவுதான். எந்த மாடியும் இடிந்து விழவில்லை.

6

திரும்பும் வழியில் பேருந்தில் நைனா கேட்டார். "எண்ண இருந்தா இன்னா ஆயிருக்கும்?"

சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். அன்றைக்கு எனக்கு இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லை. எண்ணெயை நான்தான் போட்டதாக யூர்கனிடம் சொன்னதையும் சொன்னேன். தொட்டி வெடித்தால் இரும்புத் துண்டுகள் எவ்வளவு தூரம் போகும் என்றுகூடச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் இங்கே இருந்தது மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் என் வீட்டில் அவர் எதையும் தொடவில்லை. தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் நான் வரும்வரை காத்திருப்பார். "இந்தக் கொழாய தொறக்கட்டுமா?" என்று கேட்பார். ஹீட்டர் பிடியைத் திருப்பலாமா, ஜன்னலைத் திறக்கலாமா. "தொறங்க நைனா, இது வெறும் தண்ணிக் கொழா," என்று ஒருநாள் கத்திவிட்டேன். "எனக்கு இன்னாம்மா தெரியும், எது வெறும் கொழா, எது வெடிக்கும்னு," என்றார். கோபமாக இல்லை. உண்மையாகவே தெரியாமல்.

ஊருக்குப் போன பிறகு சரியாகிவிடுவார் என்று நினைத்தேன். போன மாதம் அம்மா போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உங்க நைனாவுக்கு இன்னா ஆச்சுன்னே தெரிலடி. ஜக்கார்டு பெட்டிக்கு எண்ண வுட எதுர் வூட்டு ஏழுமலைய கூப்ட்றாரு. இவுரு கீழ நின்னுக்கினு பாத்துக்கினு இருக்காரு. தெருவே சிரிக்குது." அடுத்து, யாரிடமோ பேசுவதுபோலத் தூரமாக, "இந்தப் பொண்ணு மட்டும் அந்த ராக்கெட்ட வுடமாட்டேங்குது" என்றாள்.

நான் வருடம் முழுக்க வெடிக்காத ஒரு தொட்டிக்குப் பயந்துகொண்டிருந்தேன். வெடித்தது பிள்ளையார்பாளையத்தில், சத்தமில்லாமல், அந்தக் கையில்.

7

யூர்கனின் கடிதத்தைப் படித்த அன்றே ஊருக்குக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். அம்மா எடுத்து, நைனாவிடம் கொடுத்தாள். பின்னால் யார் வீட்டுத் தறியோ அடித்துக்கொண்டிருந்தது.

"நைனா, சனிக்கெழம மறுபடியும் போறேன். குழிக்கு."

"ம்."

"உங்களாண்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி நான்தான் எண்ண போட்டேன்னு சொன்னேன்ல, அத ஒங்களுக்காகச் சொன்னேன்னுதான நெனச்சிக்கினு இருக்கீங்க?"

"ஆமா. எனக்காகத்தான சொன்ன."

"இல்ல நைனா."

இதை நான் ஒரு வருடமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். வாயில் வரும்போது எல்லாம் கலைந்துபோனது.

"என் பேப்பருக்குப் பயந்துக்கினு சொன்னேன். ஒங்க பேரு வந்தா என்ன இங்க இருக்க வுட மாட்டாங்களோன்னு. ஒங்களப் பத்தி நெனைக்கவே இல்ல. லேனாவப் பத்தி நெனைக்கல. என்னப் பத்தித்தான் நெனச்சேன். அவ்ளோ பயம் எனக்கு. அன்னிக்கி ராத்திரியெல்லாம் முழிச்சிக்கினே இருந்தேன். இப்பவும்தான். லெட்டரு படிச்சதுலேர்ந்து ஒண்ணும் சாப்புடல."

மறுமுனையில் தறிச் சத்தம் மட்டும்.

"நீயும் பயந்தியா?" என்றார்.

"ஆமா நைனா."

"நீ பாட்டுக்கு ஜெர்மன்ல டக்கு டக்குன்னு பேசிக்கினு இருந்த. அந்தாளு கோவமா கேக்கறான், நீ பதில் சொல்ற. எல்லாம் தெரிஞ்ச பொண்ணு, நான்தான் ஒண்ணும் தெரியாம வந்து கெடுத்துட்டேன்னு..." நிறுத்தினார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இத்தினி நாளா நான் மட்டும்தான் பயந்துக்கினு இருக்கேன்னு நெனச்சேம்மா."

அழுகிறேன் என்று தெரியக் கூடாதென்று போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அவருக்குத் தெரிந்துதான் இருக்கும்.

"சரி, சனிக்கெழம எத்தினி மணிக்கு?"

"எங்களுக்கு ஒம்போது. உங்களுக்கு மத்தியானம் ஆயிடும்."

"அந்தக் குழிக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு போன் போடு."

"எதுக்கு நைனா?"

"சும்மாதான். நீயும் பயந்துக்கினு நிப்ப, நானும் இங்க பயந்துக்கினுதான் இருப்பேன். தனித்தனியா எதுக்கு?"